சீட்டில் ஒரு வரி: கொங்கு நாட்டு டாக்டர்களுக்கு ஒரு மருந்துக்கடைக்காரனின் திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர் ஐயாமாருக்கும் டாக்டர் அம்மாமாருக்கும்,

வணக்கமுங்க.

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் 28 வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். நீங்கள் எழுதும் சீட்டைப் படித்து மருந்து எடுத்துத் தருவது என் பிழைப்பு. உங்கள் கையெழுத்தை ஊரில் வேறு யாராலும் படிக்க முடியாது என்பதால் எனக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு உங்களுக்கே புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு விண்ணப்பம்தான். அதற்கு முன்னால் ஒரு மஞ்சப்பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஐயன், அதாவது அப்பா, 26 வருஷம் ஒரு நூல்மில்லில் வேலை பார்த்தவர். ப்ளோரூமில் சேர்ந்து கார்டிங்கில் முடித்தார். பஞ்சு பேலை உடைத்து, உதறி, சீவுகிற இடங்கள் அவை. மில்லிலேயே தூசி அதிகம் பறப்பது அங்கேதான். சாயங்காலம் சைக்கிளை விட்டு இறங்கும்போது புருவம், மீசை, காதுமயிர் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஐயனுக்கு ஒரே நாளில் வயசாகிவிட்டது என்று சின்ன வயசில் நான் அழுதிருக்கிறேனாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். குளித்துவிட்டு வந்தால் மீசை கறுத்துவிடும்.

நாற்பதைத் தாண்டியதும் இளைப்பு ஆரம்பித்தது. சோளத்தட்டு ஒரு கட்டு தூக்கிக்கொண்டு காட்டிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். அப்புறம் கட்டு இல்லாமலே நிற்க ஆரம்பித்தார். 43 வயசில் முதல் ஓபி சீட்டு, 62 வயசில் கடைசிச் சீட்டு. அவர் போய்ச் சேர்ந்த மறுவருஷம் அட்டாலியைச் சுத்தம் செய்யும்போது ஒரு கல்யாண வீட்டு மஞ்சப்பையில் அத்தனை சீட்டையும் ரப்பர்பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். எண்ணினேன். 63 இருந்தன. அரசு ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் கலந்து.

பெயர், வயசு, எடை, பிபி இருந்தன. இருமல், சளி, வீசிங் இருந்தன. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னது, சளி பார்க்கச் சொன்னது, ‘ஆஸ்துமா’, ‘பிராங்கைட்டிஸ்’, ஒரு இடத்தில் ‘அலர்ஜி’ என்று கேள்விக்குறியோடு. 7 சீட்டில் ‘ஸ்மோக்கர்’ என்று எழுதியிருந்தது. ஐயன் ஆயுசில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. வெற்றிலை மட்டும் போடுவார். 63 சீட்டிலும் ‘மில்’ என்ற ஒரு சொல் இல்லை.

சளியில் கிருமி தென்படாத நிலையிலும், இருமல் நிற்கவில்லை என்பதற்காக இரண்டு முறை காசநோய் மருந்து சாப்பிட்டார். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் பெருந்துறை என்றால் காசநோய் சானடோரியம் என்றுதான் அர்த்தம். “பெருந்துறைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?” என்று சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வந்தது. அந்த டம்ளரை எடுத்து வைத்தவன் நான்தான். அப்போது நானும் மருந்துக் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். எனக்கும் அவர் மில்லு ஞாபகத்துக்கு வரவில்லை.

அவருக்கு இருந்தது பஞ்சுத்தூசி நோய்தான் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: “திங்கக்கிழமையானா மில்லு வந்து நெஞ்சு மேல உக்காந்துக்குதுடா.” ஞாயிறு லீவு முடிந்து போகிற முதல் நாள் சாயங்காலம் நெஞ்சு இறுகும், செவ்வாய், புதன் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும், ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். இதைக் கேட்டாலே உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் படித்த புத்தகத்தில் பிஸினோசிஸ், அதாவது பஞ்சுத்தூசி நோய், என்ற தலைப்பின் கீழ் முதல் பத்தியில் இருக்கும் அடையாளம் இதுதான். ஐயனுக்கு அந்தப் பத்தி முழுக்க மனப்பாடம். சொல்லத்தான் யாரும் கேட்கவில்லை.

இந்த மடலை டாக்டர்கள் மட்டும் படிக்கப் போவதில்லை என்பதால் ஒரு விளக்கம். பஞ்சு என்றால் வெறும் பஞ்சு இல்லை. செடியின் காய்ந்த இலைத்துணுக்கு, காயைச் சுற்றியிருக்கும் செதில், மண், அதில் வாழும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்துதான் பேலில் வருகின்றன. அந்த பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் நச்சுதான் மூச்சுக்குழாயை இறுக்குவதில் முக்கியப் பங்கு என்று கண்டிருக்கிறார்கள். தினமும் அதே தூசியில் நின்றால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஒரு நாள் விட்டுப் போனால் பழக்கம் விட்டுப்போய், மறுபடி உள்ளே நுழையும் அன்று பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் திங்கட்கிழமை. ஆரம்பத்தில் தூசியை விட்டு விலகினால் சரியாகிவிடும். வருஷக்கணக்கில் விட்டால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். அப்புறம் வேலையை விட்டாலும் மூச்சு திரும்புவதில்லை. இதில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு “ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிடுவது சுலபம்.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். 1888இல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த மில், 1932இல் வந்த பைகாரா மின்சாரம், அதற்கப்புறம் முளைத்த நூறு புகைபோக்கிகள் என்று அந்தக் கதை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்தார்கள். அந்த அசல் மான்செஸ்டரைச் சுற்றியிருந்த லங்காஷயர் மில்களில் 1950களிலேயே ஷில்லிங் என்ற டாக்டர், திங்கட்கிழமை மட்டும் இறுகுகிறதா, மற்ற நாளும் இறுகுகிறதா என்று தொழிலாளிகளைக் கேட்டுக் கேட்டே இந்த நோய்க்குப் படிநிலை வகுத்தார். கேட்டே வகுத்தார் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1978இல், நூற்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் பஞ்சுத்தூசி 200 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மிஷின்களை மூடி, தூசியை உறிஞ்சி எடுத்தார்கள். நோய் வெகுவாக இறங்கியது. நாம் பேரை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

சரி, என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். இளைப்பு, இருமல், சளி என்று வருகிற ஒவ்வொருவரின் சீட்டிலும், வயசுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை வருஷம்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. 1700இலேயே இத்தாலியில் ரமாசினி என்ற டாக்டர், நோயாளியிடம் பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ‘உன் தொழில் என்ன?’ என்று கேளுங்கள் என எழுதிவைத்தார். 300 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆனால் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து ஜனங்களின் பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் அதை மட்டும் நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஐயனிடம் ஒரு டாக்டர் கேட்டாராம். பிற்பாடு அம்மா சொல்லித் தெரிந்தது. “என்ன பண்றீங்க?” என்று கேட்டதற்கு ஐயன், “சும்மாதானுங்க இருக்கறேன்” என்றிருக்கிறார். பொய் இல்லை, மில்லை விட்டு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. கேள்வி நிகழ்காலத்தில் இருந்தது, நோய் இறந்தகாலத்தில் இருந்தது. அதனால் “இதுவரைக்கும் என்னென்ன வேலை செஞ்சிருக்கீங்க?” என்று கேட்டால்தான் பிடிபடும். தூசி நோயெல்லாம் பத்து, இருபது வருஷம் கழித்துத் தலைகாட்டுகிறவை.

இரண்டாவது, “கம்பெனி வேலைங்க” என்பார்கள். திருப்பூர்ப் பக்கம் இந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. பனியனை மடித்துப் பெட்டியில் போடுகிறவரும் கம்பெனிதான், கட்டிங்கில் நிற்கிறவரும் கம்பெனிதான், சாயப்பட்டறையில் கெமிக்கல் கலக்குகிறவரும் கம்பெனிதான். “மில்லு” என்றாலும் அப்படியே: கோன் வைண்டிங்கில் இருப்பவருக்கும் கார்டிங்கில் இருப்பவருக்கும் ஒரே தூசி இல்லை. “எந்த டிபார்ட்மெண்ட்?” என்று அடுத்த கேள்வி போட்டால் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். தன் வேலையைப் பற்றி ஒரு டாக்டர் கேட்கிறாரே என்று.

மூன்றாவது, பெண்கள். “வேலைக்கெல்லாம் போறதில்லீங்க, வீட்லதான்.” என் கடைக்குப் பின்வீட்டில் ஒரு ஆத்தா இருந்தார். கேஸ் அடுப்பு வந்து பல வருஷம் ஆகியும், ஒரு குடும்பமே குளிக்கும் வெந்நீரை வாசல் அடுப்பில்தான் காய்ச்சுவார். தென்னை மட்டை, பன்னாடை, தேங்காய்த் தொட்டி, மழைக்காலத்தில் ஈர விறகு, சில நாள் பனியன் கட்டிங் வேஸ்ட். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலில் ஊதுவார். பீடி சிகரெட் இல்லாமலே பெண்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு இந்தப் புகை ஒரு பெரிய காரணம் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆத்தாவின் சீட்டில் ‘வயசான இளைப்பு’ என்று இருந்தது. வயசான இளைப்பு என்று ஒரு வியாதி உண்டா என்று எனக்குத் தெரியாது. வெந்நீர் அடுப்பும் ஒரு வேலைதான். ஐம்பது வருஷ சர்வீஸ், பென்ஷன் இல்லை, அவ்வளவுதான். ராத்திரியில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி ஏற்றுவதையும் இதோடு கேட்டுவிடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. அந்தச் சுருளையும் நான்தான் விற்கிறேன், அதனால் இதற்கு மேல் பேசவில்லை.

நம்முடைய சீமையில் மூச்சுக்குள் போகிற சங்கதிகளை ஒரு பட்டியல் போட்டால் மாவட்ட கெசட்டியர் மாதிரி இருக்கும். கோழிப்பண்ணையின் எருத்தூசியும் அமோனியா நெடியும் நாமக்கல் பக்கம். மஞ்சள் பாலீஷ் போடும் தூசி ஈரோட்டில். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்த் தூள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தொட்டிக்கரி சுடும் புகை. 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டாரமே அந்தப் புகையில்தான் இருந்தது. ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு மடல் எழுதலாம். நான் கல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் மருந்தே கிடையாது.

காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கத்துக் குவாரிகளும் கிரஷர்களும் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். கரூர் மாவட்டத்தில் க.பரமத்தி. திருமுருகன்பூண்டியில் ரோட்டோரம் முழுக்கச் சிற்பக்கூடம். சாமி சிலை வாங்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் மணல் அச்சு போடுவது, வார்ப்பிலிருந்து மணலைத் தட்டி எடுத்துத் தேய்ப்பது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது சிலிக்கா. கருங்கல்லிலும் இருக்கிறது, வார்ப்பட மணலிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்து பறக்கும் வெள்ளைப் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தும்மினால், காறினால் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்கிறது. அதைத் தின்று செரிக்கப் போன வெள்ளணு செத்துவிடுகிறது. அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு வளர்ந்துகொண்டே போகிறது, வேலையை விட்ட பிறகும். கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டால் தடுக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அது ஈக்குத் தடுக்கும். தண்ணீர் அடித்துக்கொண்டே துளை போடுவது, உறிஞ்சுகிற குழாய் வைப்பது, அதற்கு மேல் சரியான என்95 மாஸ்க், இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகப் பற்றும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கடையில் மருந்து வாங்கிய ஒரு கல்லுடைக்கிற ஆள் ஆறு மாசம் காசநோய் மருந்து சாப்பிட்டார், முடித்தார், மறுபடி வந்தது, மறுபடி சாப்பிட்டார். ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எல்லோரும் அவரைத்தான் ஏசினார்கள். ஒரு நாள் தப்பாமல் சாப்பிட்டவர் என்று எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டுவிட்டு அவர் தினமும் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. அதே கிரஷருக்குத்தான் போனார்.

இனி, சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறான் என்று கோபிக்கக் கூடாது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 89ஆம் பிரிவு ஒன்று இருந்தது. சிலிக்கோசிஸ் (சிலிக்காத் தூசி நோய்), பிஸினோசிஸ், ஆஸ்பெஸ்டாசிஸ் (கல்நார்த் தூசி நோய்) எல்லாம் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தன. தொழிற்சாலையில் வேலை பார்க்கிற, அல்லது முன்பு வேலை பார்த்த ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக ஒரு டாக்டர் நினைத்தாலே போதும், தாமதிக்காமல் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. நிரூபிக்க வேண்டிய பாரம் உங்களுடையது இல்லை. எழுதாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று போட்டிருந்தது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின உட்பிரிவு: நீங்கள் எழுதியது சரி என்று உறுதியானால் அரசாங்கம் உங்களுக்கு ஒரு கட்டணம் கொடுக்கும், கொடுத்ததை அந்த ஆலைக்காரரிடமிருந்து நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணிக்கொள்ளும் என்று இருந்தது. இப்படி ஒரு பீஸ் வாங்கிய டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த, 2020இல் இயற்றிய புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தெரிவிக்கும் கடமை உங்கள் தலையில் அப்படியே இருக்கிறது. 1923ஆம் வருஷ இழப்பீட்டுச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் இந்த நோய்களைத் தொழில் நோய் என்று ஒப்புக்கொண்டு இழப்பீட்டுக்கு வழி வைத்திருந்தன; அந்த இரண்டின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அந்த வழியில் ஒரு தொழிலாளி போக வேண்டும் என்றால் கையில் ஒரு காகிதம் வேண்டும். ஐயன் கையில் 63 காகிதம் இருந்தது. ஒன்றும் உதவவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் 80 பேர் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி ஆள் பார்க்கும்போது உங்களுக்கே மூச்சு வாங்குகிறது. மில் முதலாளியும் உங்களிடம்தான் வருவார், சில சமயம் கட்டிடமே அவருடையதாக இருக்கும். சின்ன ஊரில் யாரையும் பகைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. மருந்துக்கடைக்காரனுக்கு இது தெரியாதா?

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியனில்லை. தொழிலாளியே எழுத வேண்டாம் என்பார். போன வருஷம் ஒரு ப்ளோரூம் பையன், முப்பது வயசு இருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, டாக்டர் மில்லுன்னு எழுதிட்டாருங்க, அந்தச் சீட்டைக் கிழிச்சுட்டு வேற குடுக்கச் சொல்லுங்க” என்று கெஞ்சினான். சீட்டு சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் பொய் இல்லை. தூசியை உறிஞ்ச மிஷின் போடுவதைவிட இளைக்கிற ஆளை மாற்றிவிட்டு இளைக்காத ஆளைப் போடுவது மலிவு. அதனால் நோயாளியின் கையில் போகிற சீட்டில் எழுதுவதா, உங்கள் நோட்டில் எழுதுவதா என்பதை அவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆனால் எங்காவது எழுதியிருக்க வேண்டும். அவன் கெஞ்சினான் என்பதால் சொல்கிறேன்: அந்த ஒரு டாக்டர் கேட்டிருக்கிறார், எழுதியிருக்கிறார். அவருக்கு என் கும்பிடு. இந்த மடலை எழுத வைத்தவரும் அவர்தான்.

இப்போதெல்லாம் ப்ளோரூமிலும் பவுண்டரியிலும் கிரஷரிலும் நம் ஊர் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். இருபது வயசில் வருகிறார்கள், நெஞ்சு இறுக ஆரம்பிக்கும்போது ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அங்கே ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் அவன் இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த டாக்டருக்கு கார்டிங் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அவனுடைய நோயை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய டாக்டர்கள் நீங்கள் மட்டும்தான், அதுவும் அவன் இங்கே இருக்கிறவரைக்கும்தான். இந்தியில் “கியா காம்?”, என்ன வேலை, என்று கேட்டால் போதும்; மீதியை அவனே கையைக் காட்டிச் சொல்லிவிடுவான்.

அப்புறம், ‘திங்கட்கிழமையா?’ என்று கேட்பதில் ஒரு திருத்தம். இன்றைக்கு மில்கள் ஏழு நாளும் ஓடுகின்றன, வார லீவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருத்தனுடைய திங்கட்கிழமை புதன்கிழமையில் வரும். “லீவு முடிஞ்சு போற முதல் நாள் எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பொங்கல் லீவு முடிந்த வாரம் என் கடையில் பம்பு, அதாவது இன்ஹேலர், கூடுதலாகப் போகும். பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பனியும் இருக்கலாம். இருந்தாலும் வாங்குகிறவர்கள் யார் என்று இரண்டு வருஷமாகக் கவனித்து வருகிறேன், பெரும்பாலும் மில்லு ஆட்கள்.

கேட்டு எழுதியதோடு ஒரு ஊதும் சோதனையும் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. ஸ்பைரோமெட்ரி என்று எழுதினால் நோயாளி பயந்துவிடுகிறார். ஊசி கிடையாது, ஒரு குழாயில் ஊதுவதுதான் என்று சொல்லிவிடுங்கள். ஆழமாக இழுத்து ஊதும் காற்றில் முக்கால் பங்கு முதல் நொடியிலேயே வெளியே வந்துவிட வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்லும்போதும் அது 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால், அடைப்பு நிரந்தரம். மருந்துக்குப் பிறகு நன்றாக ஏறினால் ஆஸ்துமாவாக இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமலே ஐயனுக்கு 19 வருஷம் ஒரே மருந்து போனது. மிஷின் இல்லாத கிளினிக்கில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, சில நூறு ரூபாய்தான். வேலைக்குப் போகும் முன் ஒரு ஊது, திரும்பி வந்ததும் ஒரு ஊது, இரண்டு வாரம் நோட்டில் குறித்துவரச் சொன்னால், வேலை நாளும் லீவு நாளும் தனித்தனியாகத் தெரியும். பையனுக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு இருந்தால் போதும்.

என் தொழில் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சீட்டே இல்லாமல் வந்து, “அண்ணா, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அரை அட்டை” என்று கேட்கிறவர்களுக்குப் பல வருஷம் ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ரெண்டு நாளில் மூச்சு நன்றாக வரும். ஆள் சந்தோஷமாக மறுபடி ப்ளோரூமுக்குப் போவார். எலும்பும் சர்க்கரையும் அப்புறம் கணக்குக் கேட்கும். மூன்று வருஷமாக நிறுத்திவிட்டேன். எதிர்க்கடைக்குப் போகிறார்கள், போகட்டும். “பம்பு வெச்சாப் பழகிருமுங்க” என்று பயப்படுகிறவர்களிடம் இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன்: நீங்க கேக்கற சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து, பம்பில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம், நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் நேராக நெஞ்சுக்கே போகிறது. காசுக் கணக்கு என்றால் நம் ஜனங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

போன மாசம் ஒரு காரியம் செய்தேன். ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவரிடம் சொல்லி 50 ஸ்டாம்பு அடித்து வைத்திருக்கிறேன். நாலு வரிதான்:

இதுவரை செய்த வேலை:
எந்த டிபார்ட்மெண்ட் / வீட்டில் என்ன அடுப்பு:
எத்தனை வருஷம்:
லீவு முடிந்த முதல் நாள் அதிகமா:

சீட்டின் மூலையில் குத்திவிட்டு நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டால், டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவரே கேட்டு எழுதிவிடுவார். உங்கள் நேரம் போகாது. பல்லடம், சூலூர், அவிநாசி, காங்கேயம், எந்தப் பக்கத்து டாக்டராக இருந்தாலும் மருந்துக் கம்பெனி ரெப்பிடம் சொல்லியனுப்பினால் எங்கள் கடைக்குத் தகவல் வந்துவிடும். ஸ்டாம்பைக் கொண்டுவந்து கொடுப்பது என் பொறுப்பு. காசு வேண்டாம். மையட்டையை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த
ஒரு மருந்துக்கடைக்காரன்,
பல்லடம் வட்டாரம்